பேராக், சுங்கை சிப்பூட் பக்கம் யாராவது இருக்கீங்களா? கோயிலுக்கு ஒரு உதவி வேணும்

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில நான் இருக்கேன். போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் போன பிறகும் ஒரு அக்கா மண்டபத்துத் தூண் ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. கையில மகனோட ஸ்கூல் பை, பிறப்புப் பத்திரம், ஒரு செட் துணி. வீட்டுல அடி. கமிட்டியில ஒருத்தர் "அனுசரிச்சுப் போம்மா"ன்னார். எனக்கு வெட்கமாப் போச்சு.

15999, அரசாங்கத்தோட தாலியான் காசே உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம். வெல்ஃபேர் (சமூக நல இலாகா) அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லைன்னு அன்னைக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சது. அவங்க இப்ப பாதுகாப்பா இருக்காங்க. எங்கேன்னு கேட்காதீங்க.

அடுத்த தடவை இப்படித் தடுமாறக் கூடாது. உங்க கோயிலோ சர்ச்சோ வெல்ஃபேர், பெண்கள் காப்பகம் இவங்களோட சேர்ந்து வேலை செஞ்சிருக்கா? முதல்ல யாரைப் போய்ப் பார்த்தீங்க? போலீஸ் ரிப்போர்ட் எழுத, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக, தமிழும் மலாயும் தெரிஞ்ச பெண்கள் ரெண்டு பேர் கிடைச்சாலே போதும். முக்கியமா, லயத்துல விஷயம் பரவாம எப்படிப் பார்த்துக்கிட்டீங்க? இங்க சுவருக்கும் காது உண்டு. பேர், ஊர் எதுவும் கமெண்ட்ல போடாம எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க.