தோல் பைக்குள் கிடந்த பழைய காசில் பச்சை

கேள்வி (ஒட்டுசுட்டான்)
ட்றங்குப் பெட்டியில இருந்த தோல் மடிப்பைக்குள்ள விக்டோரியா காலத்துப் பனை போட்ட ஒரு சதம் 9, 1920களின் ஐம்பது சதம் 3 இருக்கு. சதத்தில தோல் பட்ட பக்கம் மட்டும் பச்சையாய் மெழுகு மாதிரிப் படிஞ்சிருக்கு. நகம் பட்டால் உருளுது. ஐம்பது சதம் விளிம்பில மஞ்சள், நடுவில நீலக் கறுப்பு. எவ்வளவு காலம் தோலோட கிடந்தால் இப்படி வரும்? புளி போட்டுத் தேய்க்கலாமோ?

பதில் (மாங்குளம்)
புளியைத் தொடாதேங்கோ. குத்துவிளக்குக்குச் சரி. காசில தேய்ச்சால் மேற்தோல் போய், செம்பு ரோஸ் நிறத்தில பல்லிளிக்கும். பிறகு சேகரிப்பாளர் ஒருத்தரும் வாங்கார்.

வருசக் கணக்கு சொல்ல ஏலாது, ஈரந்தான் கணக்கு. ஆவாரம்பட்டை மாதிரிப் பட்டைகளில பதனிட்ட தோல் இயல்பிலேயே புளிப்பு. தோல் வளையிறதுக்கு ஏத்தின எண்ணெய் பழசாகிக் கொழுப்பு அமிலமாய்ப் பிரியும். அது செம்போட சேர்ந்தால் செம்புச் சவர்க்காரம். உங்கட மெழுகுப் பச்சை அதுதான். வெள்ளியில கறுப்பு வாறது கந்தகத்தால: மயிர் நீக்கப் போட்ட சல்பைட்டின் மிச்சமும் தோலில இருக்கும். படலம் மெல்லிசெண்டால் மஞ்சள், தடிச்சால் நீலம், பிறகு கறுப்பு. அந்த ஐம்பது சதத்தில வெள்ளி 55 வீதந்தான், மிச்சத்தில பெரும்பங்கு செம்பு. ஆனபடியால் அதிலயும் களிம்பு ஏறலாம்.

பதில் (முல்லைத்தீவு)
மெழுகுப் பச்சைக்கு அசற்றோன். பைபர் போட் திருத்துற இடங்களில ரெசின் தூரிகை கழுவ வைச்சிருப்பினம். முதல்ல கண்ணாடியில ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கோ. கறை விட்டால் அது வேண்டாம். நகப்பூச்சு நீக்கியும் வேண்டாம், அதுக்குள்ள எண்ணெய் கலந்திருக்கும்.

மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில காசு மூழ்க விட்டு ஒரு நாள். பச்சை இளகினால் பல்லுக்குத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு மெல்லத் தள்ளுங்கோ, குத்தாதேங்கோ. அசற்றோனை மாத்தி இன்னொரு நாள். யோகட் கப்பில ஊறப்போட்டால் கப் கரைஞ்சு காசில ஒட்டும். வெளியில வைச்சுச் செய்யுங்கோ, பக்கத்தில அடுப்பும் விளக்கும் கூடாது. கடைசியாய் பற்றரிக்கு விடுற வடித்த தண்ணியில அலசி (பற்றரி அசிட் இல்லை!), திரும்ப அசற்றோனில தோய்ச்சு எடுத்தால் ஈரம் நிக்காது. கிணத்துத் தண்ணியில கழுவினால் அந்த உப்பே அடுத்த களிம்புக்கு விதை.

பச்சைக்குக் கீழ குழி இருந்தால் அது அரிச்ச இடம், நிரவ வழியில்லை. வெள்ளிக் காசின் நிறத்தை அப்படியே விடுங்கோ.

பதில் (வவுனியா)
ஒரு எச்சரிக்கை. உருளுற மெழுகு இல்லாமல், வெளிர்பச்சைத் தூளாய் உதிர்ந்து, துடைச்ச இடத்திலேயே திரும்ப வந்தால் அது குளோரைட் நோய், உப்பில இருக்கிற குளோரைட் செம்பை விடாமல் அரிக்கிறது. அசற்றோன் அதுக்குக் கேளாது. அந்தக் காசை உடனே பிரிச்சு உலர்வாய் வையுங்கோ.

தோலைச் சோதிக்கவும் வழியிருக்கு. ஒரு பொருள் உலோகத்தைக் கெடுக்குமோ எண்டு பார்க்க அருங்காட்சியகங்களில ஒடி (Oddy) சோதனை எண்டு செய்யிறவை: பொருளோட செம்பு, வெள்ளி, ஈயத் தகடுகளையும் சொட்டு நீரையும் மூடி, 60 பாகையில 28 நாள். வீட்டில எண்டால் ரெண்டு ஜாம் போத்தல் போதும். ரெண்டிலயும் அரத்தாளால மினுக்கின செம்புக் கம்பியும் ஈரப்பஞ்சும், ஒண்டில மட்டும் தோல் துண்டு. ஒண்டையொண்டு தொடாமல் வையுங்கோ. மாதம் கழிச்சுக் கம்பிகளை ஒப்பிடுங்கோ. வெறும் போத்தல் இல்லாமல் செய்தால் ஈரம் செய்ததோ தோல் செய்ததோ தெரியாது.

கேட்டவர்
நன்றி அண்ணை. பையை எறியிறதோ?

பதில் (மாங்குளம்)
எறியாதேங்கோ, வேற பெட்டியில வையுங்கோ. காசுகளை ஒவ்வொண்டாய் பொலித்தீன் உறையில போட்டு, சிலிக்கா ஜெல்லோட இறுக்கமான டப்பாவில மூடுங்கோ. மணக்கிற மெதுவான பிவிசி அல்பம் வேண்டாம். அதுவும் பச்சைப் பசை கக்கும். மாரி தொடங்க முதல், ஐப்பசிக்குள்ள, ஜெல்லை வறுத்து மாத்துங்கோ.