பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சு, இரண்டு காலும் விரிந்து கிடக்கிறது. நிற்க வைக்க முடியுமா?

கேட்டவர்: கோபி சிறுவிடை

வணக்கம். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வீட்டில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி ரகத்தில் ஏழு பெட்டைகள் வளர்க்கிறேன். இதுவரை அடை வைத்துத்தான் குஞ்சு எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை அடையில் இருந்த கோழியைப் பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் கீரி பிடித்துவிட்டது. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு இருந்தது. மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருந்த சின்ன இன்குபேட்டரில், அதாவது குஞ்சு பொரிக்கும் மெஷினில், ஒன்பது முட்டைகளையும் வைத்தோம்.

21ஆம் நாள் ஐந்து குஞ்சுகள் வந்தன. ஆறாவது மட்டும் ஓட்டில் சின்னத் துளை போட்டுவிட்டு, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உள்ளேயே கத்திக்கொண்டு இருந்தது. நேற்று சாயந்திரம்தான் வெளியே வந்தது. மற்ற ஐந்தும் ஓடுகின்றன. இது மட்டும் தவளை மாதிரி இரண்டு காலையும் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு வயிற்றால் நகர்கிறது. வலது கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கின்றன. வீக்கம் எதுவும் இல்லை. காலைப் பிடித்துச் சேர்த்து வைத்தால் என் விரலை நன்றாக உதைக்கிறது, பலம் இருக்கிறது. அலகில் சொட்டு விட்டால் தண்ணீரும் குடிக்கிறது.

அட்டைப்பெட்டியில் நியூஸ்பேப்பர் விரித்து, மேலே குண்டு பல்பு போட்டு வைத்திருக்கிறேன். மாமியார், "இது தேறாது, விட்டுடு" என்கிறார். என் மகள் காலையிலிருந்து பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தாயில்லாமல் இத்தனை நாள் தாக்குப்பிடித்து வந்த உயிர் இது. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பல்லடம் பழைய கூண்டு

அம்மணி, முதல் வேலையாக அந்தப் பேப்பரை எடுத்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பேப்பர் குஞ்சுக்கு வழுக்கும். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் கால் சறுக்கிச் சறுக்கி, அந்த வாக்கிலேயே நின்றுவிடும். பழைய சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். நூல் பிரிந்து தொங்கக் கூடாது, நகம் மாட்டிக்கொள்ளும். ஓடும் ஐந்து குஞ்சுகளுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

இது தேறும் கேஸ்தான். உதைக்கிறது என்கிறீர்கள், வீக்கம் இல்லை என்கிறீர்கள், அதை வைத்துச் சொல்கிறேன். ஆனால் இன்றே செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் எலும்பும் நரம்பும் இளசாக இருக்கும், வைத்த இடத்தில் நிற்கும். நான் முதன்முதலில் மெஷினில் குஞ்சு எடுத்தபோது நான்கு குஞ்சுகளுக்கு இதே மாதிரி ஆனது. தானாகச் சரியாகும் என்று ஐந்து நாள் விட்டுவிட்டேன். ஒன்றைக்கூட நிமிர்த்த முடியவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

மெடிக்கலில் பேண்ட் எய்ட் ஒன்று வாங்குங்கள். நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் இடையில் பாலம் மாதிரி வர வேண்டும். ஒட்டும் முனைகளை ஆளுக்கொரு காலில் சுற்றி, டேப்பின் மேலேயே ஒட்டுங்கள். பாதத்துக்கு மேலே, மூட்டுக்குக் கீழே, செதில் உள்ள இடத்தில்தான் கட்ட வேண்டும். ரப்பர் பேண்டும் நூலும் வேண்டவே வேண்டாம், ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துவிடும்.

இடைவெளி முக்கியம். நன்றாக நிற்கும் குஞ்சு ஒன்றைப் பாருங்கள், அதன் கால்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவுதான். சுமார் இரண்டு சென்டிமீட்டர், சிறுவிடைக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் ஒட்டுவது சுலபம்.

கட்டியதும் அது தடுமாறி விழும், மல்லாந்து கிடந்து கத்தும். பயப்படாதீர்கள், ஆனால் முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மல்லாந்த குஞ்சு தானாகத் திரும்ப முடியாமல் செத்துப்போவது உண்டு. மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்களே, அவளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றுக்கு அடியில் விரலைக் கொடுத்து இரண்டு நிமிஷம் நிற்க வையுங்கள். மற்ற நேரத்தில் சின்ன டீ கப்பில் துணி வைத்து அதற்குள் உட்கார வைத்தால், கால் உடம்புக்கு அடியிலேயே இருக்கும்.

தீனியைத் திணிக்காதீர்கள். முட்டைக்குள் இருந்த மஞ்சள் கரு வயிற்றில் இருக்கும், இரண்டு நாளுக்குத் தாங்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் முகம் குப்புற விழுந்துவிடும்.

பதில்: முருங்கைத் தோட்டம்

அண்ணன் காலைச் சொல்லிவிட்டார், நான் விரலைச் சொல்கிறேன் தங்கச்சி.

சுருண்ட விரலுக்குச் செருப்பு போட வேண்டும். மாத்திரை டப்பா அட்டையில், விரித்த பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி அட்டை மேல் வைத்து, மைக்ரோபோர் டேப்பால் மேலிருந்து ஒட்டுங்கள். கடைசியில் பின் விரலைப் பின்பக்கமாக நீட்டுங்கள். ஒரு நாள் கழித்துக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு நாளில் நேராகிவிடும். செருப்பை முதலில் போட்டுவிட்டுக் காலைக் கட்டுவது நல்லது.

விரல் சுருள்வதற்கு ரிபோஃபிளேவின், அதாவது பி2 சத்துக் குறைவும் ஒரு காரணம். மெஷினில் சூடு ஏறி இறங்கினாலும் வரும். உங்கள் பெட்டைகள் என்ன தின்கின்றன? கம்பும் சோளமும் மட்டும் என்றால் முட்டையிலேயே அந்தச் சத்து குறையும். முருங்கைக்கீரை, அகத்தி எல்லாம் போடுங்கள். குஞ்சுக்கு பி காம்ப்ளக்ஸ் சிரப்பைத் தண்ணீரில் சில சொட்டு கலந்து கொடுங்கள், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

இன்னொன்று. பின்பக்க மூட்டைத் தடவிப் பாருங்கள். மூட்டு வீங்கி, பின்னால் ஓடும் நரம்பு (தசைநாண்) ஒரு பக்கமாக விலகி இருந்தால் அது வேறு கோளாறு, கட்டுப் போட்டுச் சரியாகாது. உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கோபி சிறுவிடை:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. மூட்டைப் பார்த்தேன், நரம்பு நடுவில்தான் இருக்கிறது. அட்டைச் செருப்பும் கட்டும் போட்டுவிட்டோம். முதல் கட்டு நெருக்கமாகப் போய்விட்டது, கால் இரண்டும் ஒட்டிக்கொண்டு முன்னால் கவிழ்ந்தது. பிரித்துத் திரும்பக் கட்டினேன். தேங்காய் எண்ணெய் தொட்டதும் டேப் வலிக்காமல் வந்தது. தனியாக வைத்தால் விடாமல் கத்துகிறது. ஐந்தோடு சேர்க்கலாமா?

பல்லடம் பழைய கூண்டு:

ஐந்தோடும் வேண்டாம், மிதித்துவிடும். டேப்பையும் கொத்தும். சாதுவான ஒன்றை மட்டும் துணைக்கு விடுங்கள். நடுவில் கம்பி வலை வைத்துப் பிரித்தால் மற்றவற்றின் சத்தமும் கேட்கும், அமைதியாகிவிடும். முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கேள்வி: கடைசி மூன்று நாள் மெஷின் மூடியை அடிக்கடி திறந்தீர்களா?

கோபி சிறுவிடை:

ஆமாம் அண்ணா. குஞ்சு கத்தும் சத்தம் கேட்டதும் தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். நானே பத்துத் தடவை திறந்திருப்பேன்.

பல்லடம் பழைய கூண்டு:

அதனால்தான் ஆறாவது அவ்வளவு நேரம் திணறியிருக்கும். 18ஆம் நாளுக்குப் பிறகு ஈரப்பதம் 65, 70 சதவீதம் வேண்டும். திறக்கத் திறக்க அது இறங்கி, முட்டை ஓட்டின் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, மெஷினில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் தொடாமல் விடுங்கள்.

கோபி சிறுவிடை:

இன்று நான்காம் நாள். செருப்பை முந்தாநாளே கழற்றிவிட்டேன், சுண்டு விரல் மட்டும் லேசாக வளைந்திருக்கிறது. இன்று காலை கட்டையும் பிரித்தேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அப்புறம் நான்கு எட்டு வைத்து, குருணைத் தட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேகமாகத் திரும்பினால் இடது கால் இன்னும் கொஞ்சம் விலகுகிறது, அதனால் ராத்திரிக்கு மட்டும் இன்னொரு நாள் கட்டலாம் என்று இருக்கிறேன். மாமியார் முட்டையை அவித்து, மஞ்சள் கருவை உதிர்த்துக் கொண்டுவந்து தானே ஊட்டினார்.