இணையத்தில் எதை நம்புவது? வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

கரும்பலகை:
மர ஆக்டோபஸ் தளம் தெரியும்தானே, மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது என்று கதை விடும் போலித் தளம், 1998இலிருந்து சுற்றுகிறதே, அதேதான். ஏழாம் வகுப்பில் திறந்து கொடுத்து, இந்த உயிரினத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்று எழுதச் சொன்னேன். அதன் முக்கிய எதிரி சாஸ்குவாட்ச் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கும். கட்டுக்கதைக் குரங்கு மனிதன்! ஒரு பெண், சாஸ்குவாட்ச்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். எல்லாம் பொய் என்று சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "படிக்கச் சொன்னது நீங்கதானே மிஸ்?" இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திண்ணை:
அவன் கேட்டது நியாயம் டீச்சர். ஏமாற்றிப் பாடம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பட்டியல் கொடுப்பேன்: யார் எழுதியது, எப்போது, சான்று உண்டா, இப்படி. ஒரு மாணவன் எடை குறைக்கும் மாத்திரை விற்கிற தளத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டு வந்தான். எழுதியவர் பெயர் இருக்கிறது, போன மாதம் புதுப்பித்தது, முகவரி 'டாட் ஆர்க்' (.org) என்று முடிகிறது, கீழே வரிசையாகச் சான்றுகள். பட்டியலை வரிக்கு வரி டிக் அடித்து நீட்டினான். என்ன சொல்வது?

நூலகப்பூனை:
திண்ணை சார், பட்டியல்தான் பிரச்சினையே. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கலாம். 2017இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைப் பாருங்கள். வரலாற்று முனைவர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் என்று 45 பேர். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய தளங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயர்: ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய அமைப்பு, மற்றது 2002இல் பிரிந்துபோன சின்னக் குழு. மாணவர்களில் பாதிக்கு மேல் சின்னக் குழுவையே நம்பினார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. சட்டென்று உலாவியில் புதுத் தாவல் (tab) திறந்து, இவர்களைப் பற்றி வெளியில் என்ன பேச்சு என்று தேடினார்கள். அதைப் பழக்குங்கள். தேடலில் முதலில் வருவதை உடனே அழுத்த விடாதீர்கள், கீழே வரை பார்க்கட்டும். விக்கிப்பீடியாவைத் தடை செய்யாதீர்கள். அடிக்குறிப்புகளுக்காகவாவது அங்கே போகட்டும். படம் என்றால் தலைகீழ்ப் படத்தேடல், அதாவது படத்தையே கொடுத்து அது வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடுவது.

என் அனுபவமா? இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு ஒருவன் புதுத் தாவல் திறந்தான், தளத்தின் பெயரைத் தட்டினான், அதே தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

கரும்பலகை:
பூனையாரே, வழிமுறை யாரும் கேட்கவில்லை 🙂 ஆனால் கடைசி வரி என் வகுப்பேதான்.

ஏட்டுச்சுரைக்காய்:
தளமாவது பரவாயில்லை. ஒரு மாணவியின் கட்டுரையில் இருந்த மேற்கோள் நூல் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. "பேரு, வருஷம், பக்க எண் எல்லாம் இருக்கே சார்" என்றாள். எங்கிருந்து எடுத்தாய் என்றால், ஏஐ. என் முன்னாலேயே அதனிடம், "இந்தப் புத்தகம் நிஜமா இருக்கா?" என்று தட்டினாள். ஆம் என்றது. கேட்காமலே அத்தியாயச் சுருக்கமும் தந்தது. போனை என் பக்கம் திருப்பி, "பாருங்க சார்" என்றாள், வெற்றிக் களையோடு.

இங்கே எந்தத் தாவலைத் திறக்கச் சொல்வீர்கள் பூனையாரே? நான் நூலகப் பட்டியலைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் ஏத்தலையோ என்னமோ சார்" என்றாள்.