டால்கிளீஷ்: நல்ல கோச்சா, நல்ல டீம் கிடைத்த நல்ல ஸ்ட்ரைக்கரா?

வியாசர்பாடி விங்கர்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரே ஒரு கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1986 மே 3, செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம். செல்சியை ஜெயித்தால் லிவர்பூலுக்கு லீக் பட்டம். ஜிம் பெக்லின் பெனால்டி பெட்டிக்குள் பந்தை மெல்லத் தூக்கிப் போடுகிறார், கென்னி டால்கிளீஷ் நெஞ்சில் வாங்கி, இறங்குகிற பந்தை அப்படியே உள்ளே அடிக்கிறார். வயது 35. அந்த அணிக்கு ஸ்ட்ரைக்கர் மட்டுமில்லை, மேனேஜரும் அவர்தான். அடுத்த சனிக்கிழமை எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் எவர்டனை 3-1. லீக்கும் கோப்பையும் ஒரே சீசனில் லிவர்பூலுக்கு அதுதான் முதல் தடவை, அவர் மேனேஜராக உட்கார்ந்த முதல் வருஷமும் அதுதான்.

சிறந்த மேனேஜர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஃபெர்குசன், பெய்ஸ்லி, கிளஃப், ஷாங்க்லி என்று போய்விடுகிறார்கள், இவரை மட்டும் ஏன் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்? இரண்டு வேறு கிளப்புகளோடு இங்கிலாந்து லீக்கை ஜெயித்தவர்கள் மொத்தமே நாலு பேர்: டாம் வாட்சன், ஹெர்பர்ட் சாப்மன், பிரையன் கிளஃப், அப்புறம் லிவர்பூலோடும் பிளாக்பர்னோடும் இவர்.

பீரங்கிப்படை

கடைசி பெஞ்சு சரியான இடம்தான் பாஸ். 1985-ல் அவர் கையில் கொடுத்தது யாருடைய அணி? முந்தைய மேனேஜர்கள் பெய்ஸ்லி கட்டி, ஃபேகன் பார்த்துக்கொண்ட அணி. ரஷ், ஹான்சன், நிக்கல், வீலன் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். போதாக்குறைக்கு பக்கத்தில் ஆலோசகராக அதே பெய்ஸ்லி, டிரெய்னிங்கைப் பார்த்துக்கொள்ள ரானி மோரன், ராய் எவன்ஸ். ஆக்கி வைத்த சோற்றைப் பரிமாறியவரைச் சமையல்காரர் என்று சொல்லச் சொல்கிறீர்கள்.

பிளாக்பர்னைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று தெரியும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: கிளப் முதலாளி ஜாக் வாக்கரின் இரும்பு வியாபாரப் பணம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

வியாசர்பாடி விங்கர்

சோறு ஆக்கி வைத்திருந்ததா? 1985 மே 29 ஹெய்சல், ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் ரசிகர் நெரிசலில் 39 பேர் செத்த ராத்திரி. டால்கிளீஷ் அந்த மேட்ச்சில் ஆடினார், மறுநாள் அவரை மேனேஜர் என்று அறிவித்தார்கள். ஐரோப்பியப் போட்டிகளில் இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தடை. நடுக்கள ஆட்டக்காரர் சூனஸ் முந்தின வருஷமே இத்தாலிக்குப் போயாச்சு. லீக் சாம்பியன் அப்போது எவர்டன், லிவர்பூல் இல்லை. அந்த எவர்டனே பிப்ரவரியில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்து 2-0 என்று அடித்துவிட்டுப் போனது. அதற்கு அப்புறம் எழுந்து வந்து ஜெயித்த பட்டம் அது. முதல் வேலையாக ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஸ்டீவ் மக்மேனை வாங்கினார், சூனஸ் விட்டுப்போன ஓட்டை அதில்தான் அடைந்தது.

சரி, அதுவும் பழைய அணி என்றே வைத்துக்கொள்வோம். 1987-ல் ரஷ் யுவெண்டஸுக்குப் போனார். வருஷத்துக்கு 30, 40 கோல் போட்டவரை விற்றுவிட்டு என்ன செய்தார்? வாட்ஃபோர்டிலிருந்து ஜான் பார்ன்ஸ், நியூகாசிலிலிருந்து பியர்ட்ஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆல்ட்ரிட்ஜ், கொஞ்சம் கழித்து அங்கிருந்தே ஹௌட்டன். முன்வரிசை மொத்தமும் புதுசு. சீசன் தொடக்கத்திலிருந்து 29 ஆட்டம் தோல்வியே இல்லை, 40 ஆட்டத்தில் இரண்டே தோல்வி, 87 கோல், 90 புள்ளி. இதில் பெய்ஸ்லி எங்கே வந்தார்?

சிவப்புச்சாத்தான்

29 ஆட்டம் தோற்காத அதே அணிதான் அந்த வருஷம் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் விம்பிள்டனிடம் தோற்றது, பெனால்டியை வேறு தவறவிட்டு. 😀

பீரங்கிப்படை

அதற்கடுத்த வருஷம் 1989 மே 26-ஐ யாருமே சொல்லமாட்டேன் என்கிறீர்களே. ஆன்ஃபீல்டு, கடைசி நிமிஷம், எங்கள் ஆர்செனலின் மைக்கேல் தாமஸ், 2-0, பட்டம் எங்களுக்கு. எங்கள் மேனேஜர் ஜார்ஜ் கிரஹாமும் ஸ்காட்லாந்துக்காரர்தான், ஆடுகிற காலத்தில் அவரும் கோல் போட்டவர்தான். ஆனால் நாலு டிஃபெண்டர்களைக் கயிறு கட்டி இழுத்தமாதிரி ஒரே வரிசையில் நகர வைக்க அவருக்குத் தெரியும். டால்கிளீஷ் ஒரு ஆட்டக்காரருக்கு ஏதாவது கற்றுக்கொடுத்தார் என்று எங்கேயாவது உண்டா? நல்லவனைப் பார்த்து வாங்குவார், 'போய் ஆடு' என்பார். அதற்குப் பெயர் கோச்சிங் இல்லை, ஷாப்பிங்.

பழைய ரேடியோ

இந்த வாதத்தில் பாதி எனக்குச் சம்மதம், பாதி இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிபிசி வேர்ல்டு சர்வீஸில் கரகரப்புக்கு நடுவே கேட்டே பழகியவன் நான், ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தது பல வருஷம் கழித்துத்தான்.

பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அவர் வேகமாக ஓடுகிறவரே இல்லை. டிஃபெண்டருக்கு முதுகைக் காட்டி நிற்பார், குனிந்து, இடுப்பையும் பின்பக்கத்தையும் அவன்மேல் சாய்த்து. பந்து காலுக்கு வரும். எதிராளிக்கு முதுகு மட்டும்தான் தெரியும், பந்து தெரியாது. அதற்குள் இவர் ரஷ் எங்கே ஓடுகிறார் என்று பார்த்து முடித்திருப்பார். 1978 ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் கோலைப் பாருங்கள், எதிரணி பெல்ஜியத்தின் புரூஜ். சூனஸ் பந்தைத் தள்ளிவிடுகிறார், டால்கிளீஷ் பெட்டிக்குள் ஓரமாக நுழைகிறார், கோல்கீப்பர் யென்சன் முன்னே வருகிறார். வேறு எவனாக இருந்தாலும் உடனே அடித்திருப்பான். இவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். கோல்கீப்பர் கீழே விழுகிற வரைக்கும் காத்திருந்து, அவர் மேலாகச் சின்னதாகத் தூக்கிவிடுகிறார். 1-0, கோப்பை.

மேனேஜராகவும் அவர் அதே ஆள்தான் என்பது என் கட்சி. யார் பக்கத்தில் யார் நின்றால் பொருந்தும் என்று பார்க்கிற கண். பார்ன்ஸும் பியர்ட்ஸ்லியும், பிளாக்பர்னில் ஷியரரும் சட்டனும். பீரங்கி சொல்கிற மாதிரி வகுப்பெடுத்துப் பாடம் நடத்துகிறவர் இல்லை, அது உண்மை. ஆனால் அதை ஷாப்பிங் என்றால், சந்தையில் எல்லாருக்கும் அதே பார்ன்ஸ்தானே கிடைத்தார்? வாட்ஃபோர்டில் ஆறு வருஷம் ஆடிக்கொண்டிருந்தாரே.

சிவப்புச்சாத்தான்

ரேடியோ அண்ணா எழுதினால் மறுத்துப் பேசவே சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று. ஃபெர்குசனும் கிளாஸ்கோக்காரர், அவரும் ஸ்ட்ரைக்கர். 1965-66-ல் டன்ஃபெர்ம்லினுக்கு 45 கோல் போட்டவர், அப்புறம் ரேஞ்சர்ஸ். ஆட்டக்காரராக டால்கிளீஷோடு ஒப்பிடவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துக்கு 102 ஆட்டம், 30 கோல் போட்ட டால்கிளீஷ் எங்கே, ஃபெர்குசன் எங்கே. ஆனால் மேனேஜராக? மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் மூன்று வருஷம் ஃபெர்குசனைத் துரத்தச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள், தாங்கி நின்று 13 லீக் பட்டம். டால்கிளீஷ் 1991-ல் லிவர்பூல் முதலிடத்தில் இருக்கும்போதே ஓடிப்போனார். தாக்குப்பிடிப்பதும் மேனேஜர் வேலைதானே.

பழைய ரேடியோ

தம்பி, அந்த 'ஓடிப்போனார்' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள்.

1971 ஜனவரி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். செல்டிக்கின் இளம் ஆட்டக்காரராக டால்கிளீஷ் அன்று மைதானத்தில் இருந்தார். 1985 ஹெய்சல், விங்கர் சொல்லிவிட்டார். 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் இறந்த நாள், அங்கே மேனேஜர் அவர். இறந்தவர்கள் கணக்கு இப்போது 97. அவருக்கு அப்போது 38 வயது. ஒரு சாவு வீட்டிலிருந்து இன்னொரு சாவு வீடு, ஒரே நாளில் நாலு இறுதிச் சடங்குக்குப் போன நாளும் உண்டு. குடும்பங்களை உட்கார வைத்துப் பேசினார், அந்த வேலையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அதோடேயே அடுத்த மாதம் எவர்டனோடு கோப்பை ஃபைனல், ஜெயித்தார். 1990-ல் லீக்கும் ஜெயித்தார். அப்புறம் 1991 பிப்ரவரி 20, எவர்டனோடு 4-4. நாலு தடவை முன்னிலை எடுத்து நாலு தடவையும் விட்டார்கள். இரண்டு நாளில் விலகினார். என்ன முடிவெடுப்பது என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்ட மனிதர் அவர். இதை ஃபெர்குசனின் முதல் மூன்று வருஷத்தோடு தராசில் வைக்காதீர்கள், ஒன்று கூச்சல், இன்னொன்று பிணம்.

சிவப்புச்சாத்தான்

எடுத்துவிட்டேன் அண்ணா. அந்த வார்த்தை தப்பு. 'விலகினார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-ஐ எடுக்கமாட்டேன்.

நாவாந்துறை 10

ஓம், ரேடியோ அண்ணை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் பிளாக்பர்ன் கதைக்கு வாறன், உந்த 'பணம், பணம்' கதையைக் கேட்டு அலுத்துப் போச்சு.

1991 அக்டோபரில் அவர் போகேக்க அது இரண்டாம் பிரிவு. பயிற்சி எடுத்த இடம் பிளசிங்டன், பொது விளையாட்டுத் திடல், பக்கத்திலேயே சுடலை. சவ ஊர்வலம் போனால் ஆட்டத்தை நிப்பாட்டிப்போட்டு நிப்பினமாம். உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாங்களே தோய்க்க வேணும். அப்பிடியொரு இடத்துக்கு 1992-ல் ஷியரரை வர வைத்தவர், அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டும் கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தில். காசு எல்லாரிடமும்தான் இருந்தது, ஷியரர் ஏன் இங்கே வந்தவர்? முன்னால் இருந்து கதைத்தது டால்கிளீஷ் என்றபடியால்.

மேல் பிரிவுக்கு ஏறினபிறகு நாலாம் இடம், இரண்டாம் இடம், முதலாம் இடம். 1914-க்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் லீக் பட்டம். (இப்ப அதே கிளப் புனே கோழிக் கம்பெனி வெங்கிஸின் கையில், அது வேறு கதை.)

பீரங்கிப்படை

நாவாந்துறை அண்ணா, டிரெய்னிங் நடத்தியது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். ரே ஹார்ஃபர்டு. கூம்பு வைத்தது, ஓட வைத்தது, கிராஸ் எங்கிருந்து வரவேண்டும் என்று விங்கர்கள் ரிப்லிக்கும் வில்காக்ஸுக்கும் சொன்னது, எல்லாம் அவர். டால்கிளீஷ் ஓரமாக நின்று அஞ்சு பேர் ஆட்டத்தில் சேர்ந்து கோல் போட்டுக்கொண்டிருப்பார்.

நாவாந்துறை 10

அப்ப 1995-96-ல் அதே ஹார்ஃபர்டு தனியாக மேனேஜர், டால்கிளீஷ் மேலே டைரக்டர் கதிரையில். ஷியரர் இருந்தார், சட்டன் இருந்தார். ஏழாம் இடம். சாம்பியன்ஸ் லீக்கில் தங்கட குழுவில் கடைசி. மொஸ்கோவில் சொந்த ஆக்கள் இரண்டு பேர் மைதானத்துக்குள்ளேயே தங்களுக்குள் அடிபட்டவை. கூம்பு அதே இடத்தில்தானே இருந்தது அண்ணை?

வியாசர்பாடி விங்கர்

😂😂 கூம்பு அதே இடத்தில்தான் இருந்தது.

பீரங்கிப்படை

சிரியுங்கள். அவர் அடுத்து மேனேஜரான நியூகாசிலுக்கு வாருங்கள், அங்கே யார் கூம்பை மாற்றினது? 1997 ஜனவரியில் மேனேஜர் கீகன் விட்டுப்போன அணி, நாடே ரசித்த அணி. ஒன்றரை வருஷத்தில் பியர்ட்ஸ்லி போனார், ஃபெர்டினாண்டு போனார், ஜினோலா போனார், அஸ்ப்ரியா போனார். வந்தது யார்? வயசான ரஷ், வயசான பார்ன்ஸ், வயசான ஸ்டூவர்ட் பியர்ஸ். பழைய சிநேகிதர்கள் கல்யாண வீட்டில் கூடினமாதிரி. லீக்கில் 13-ஆம் இடம். 1998 கோப்பை ஃபைனலில் எங்களிடம் 2-0 தோல்வி, கோல் போட்டது ஓவர்மார்ஸ், அனெல்கா. அடுத்த சீசன் இரண்டே மேட்ச், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொருத்தம் பார்க்கிற கண் அங்கே எங்கே போனது?

வியாசர்பாடி விங்கர்

நியூகாசிலை நான் முழுசாகத் தாங்கமாட்டேன். அது மோசம். ஆனாலும் கணக்கு சரியாக இருக்கட்டும். வந்த அரை சீசனிலேயே இரண்டாமிடம் பிடித்தார், மூன்று அணிகள் 68 புள்ளியில் நின்றபோது கோல் வித்தியாசத்தில் தள்ளிவிடப்பட்டதில் ஒன்று யார் என்று உங்களுக்கே தெரியும். பார்சிலோனாவை 3-2, அஸ்ப்ரியா மூன்று கோல், அதுவும் டால்கிளீஷ் அணிதான். ஃபெர்டினாண்டை விற்கிற நேரத்திலேயே ஷியரருக்குக் கணுக்கால் போனது, அரை சீசன் ஆள் இல்லை. அதை எந்தக் கண்ணாலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. வயசானவர்கள் மட்டும் வரவில்லை, ஷே கிவன், கேரி ஸ்பீடு, சொலானோ எல்லாம் அவர் கொண்டுவந்தவர்கள், அவர்கள் பல வருஷம் அந்த அணியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சிவப்புச்சாத்தான்

2011-ல் லிவர்பூலுக்குத் திரும்பி வந்ததை யாருமே தொடவில்லை. ஸ்ட்ரைக்கர் ஆண்டி கேரலுக்கு 3.5 கோடி பவுண்டு. 2011-12-ல் சொந்த மைதானத்தில் 19 ஆட்டத்தில் ஆறே ஆறு வெற்றி. எட்டாம் இடம். எங்கள் எவ்ராவை இனவெறியோடு திட்டினார் என்று லிவர்பூலின் சுவாரெஸுக்குத் தடை வந்தபோது, அணியே சுவாரெஸ் படம் போட்ட டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு நின்றது வேறு. தன் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்பது பழைய கிளாஸ்கோ குணம், ஆனால் அங்கே அது முழுத் தப்பு.

வியாசர்பாடி விங்கர்

டி-ஷர்ட் தப்பு, வாதமே இல்லை. லிவர்பூல் ரசிகனாகவே சொல்கிறேன். ஆனால் அதே சீசனில் லீக் கோப்பை ஜெயித்தார், எஃப்.ஏ. கோப்பை ஃபைனல் வரை போனார், 2011 கோடையில் எல்லாரும் திட்டத் திட்ட வாங்கிய ஹென்டர்சன்தான் பின்னாளில் கேப்டனாக 2019 ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்.

பழைய ரேடியோ

1995 மே 14 ஞாபகம் வருகிறது. பிளாக்பர்னுக்குக் கடைசி ஆட்டம், எங்கே? ஆன்ஃபீல்டில். ஷியரர் முதல் கோல். அப்புறம் சமன் செய்தது யார்? பார்ன்ஸ். 1987-ல் இவரே வாங்கி வந்த பார்ன்ஸ். கடைசி நிமிஷத்தில் ஜேமி ரெட்நாப் ஃப்ரீ கிக்கில் 2-1. டால்கிளீஷ் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நேரத்தில் வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க்கிலிருந்து சேதி, யுனைடெட் 1-1 என்று முடித்துவிட்டது. புள்ளி 89-க்கு 88, பட்டம் பிளாக்பர்னுக்கு. தோற்ற அணி குதிக்கிறது, ஜெயித்த அணியின் ரசிகர்கள் எதிரணி மேனேஜருக்குக் கை தட்டுகிறார்கள். ரேடியோவில் எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது, யார் ஜெயித்தார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

சிவப்புச்சாத்தான்

அன்றைக்கு வெஸ்ட் ஹாம் கோல்கீப்பர் மிக்லோஷ்கோ சாப்பிட்டது என்ன என்று இன்னும் யோசிக்கிறேன். எத்தனை தடுத்தார்!

பீரங்கிப்படை

கடைசி மேட்ச்சில் தோற்றுப் பட்டம் வாங்கினவரை மேதை என்கிறீர்கள், சரி, உங்கள் இஷ்டம். ரேடியோ சொன்ன 1978 கோலை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, ஐயோ. ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி கணக்கையும் உங்களுக்கே விட்டுத்தருகிறேன். நியூகாசிலை விடமாட்டேன். நாளை ஆபீஸ் முடிந்து வருகிறேன், ஜினோலாவிலிருந்து ஆரம்பிப்போம்.