டைட்டனின் மணல்மேடுகளைக் குவித்தது எந்தக் காற்று?

வாடை:
சனிக்கோளின் நிலவான டைட்டனில் புயல் அடிக்கிறது என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கியது. 120 கி.மீ. உயரத்தில் மணிக்கு 430 கி.மீ. காற்று. ஆனால் தரையருகே? நொடிக்கு 1 மீட்டர்கூடத் தேறவில்லை. தரைக்கு வந்துசேரும் வெயிலோ நமக்குக் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நெருப்பில்லாமல் உலை கொதிக்குமா?

கணக்குப்பிள்ளை:
ஒரே இடம், இரண்டரை மணி நேரம். இதை வைத்து ஒரு உலகத்தின் வானிலையையே முடிவு கட்டிவிட்டீர்கள்! அங்கே ஒரு பருவம் ஏழு ஆண்டுக்கும் மேல். ஹைகன்ஸைச் சுமந்துபோய்ச் சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் ரேடார் படங்களைப் பாருங்கள். நடுக்கோட்டை ஒட்டி மணல்மேடுகள் வரிவரியாக நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடுகின்றன. குறுக்கே ஒரு குன்று வந்தால், ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல் பிரிந்து அந்தப்பக்கம் மறுபடி கூடுகின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போன காற்றின் தடம் அது.

வாடை:
அதற்குப் புயல் எதற்கு? அங்கே காற்றின் அடர்த்தி பூமியைப் போல நான்கு மடங்கு, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு. தென்றலே மணலை நகர்த்திவிடும்.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் இடிக்கிறது. கணினி மாதிரிகளின்படி நடுக்கோட்டுப் பகுதியில் அன்றாடம் தரையை ஒட்டி வீசுவது கிழக்கிலிருந்து மேற்கே. மணல்மேடுகள் காட்டுவது நேர் எதிர்த்திசை. உங்கள் தென்றல்தான் மணலைத் தள்ளுகிறது என்றால் மேடுகள் திசைமாறி அல்லவா கிடக்க வேண்டும்? டைட்டன் நிலைமையைக் காற்றுச் சுரங்கத்தில் உண்டாக்கிச் சோதித்தார்கள். மணல் அசையத் தேவையான வேகம் முன்பு நினைத்ததைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என்று 2015-இல் முடிவு வந்தது. ஆக, அன்றாடக் காற்றுக்கு அந்த மணல் அசைந்துகொடுக்காது.

தூறல்:
இரண்டு பேரும் மழையை மறந்துவிட்டீர்கள். 2009 ஆகஸ்டில் அங்கே சம இரவு நாள், அதாவது சூரியன் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் நாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நடுக்கோட்டருகே அம்புமுனை வடிவில் ஒரு பெரிய மேகம். அப்புறம் பார்த்தால் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. தரை கறுத்துக் கிடந்தது. மீத்தேன் மழை! (துளி 1 செ.மீ. வரை பருக்கும், ஆனால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் போல, பனிப்பூ மாதிரி ஆடி அசைந்துதான் இறங்கும்.) அப்படிப்பட்ட மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டும்போது, மேலடுக்கின் கிழக்குநோக்கிய வேகத்தையும் சேர்த்து இழுத்து வருகிறது என்பது ஒரு விளக்கம். வாடை சொன்ன 'மேலே உள்ள காற்று' தரையைத் தொடுவதற்கு வழி இதுதான்.

வாடை:
வழி இருக்கிறது, சரி. அளந்தது யார்? ஹைகன்ஸ் இறங்கியபோது காசினியில் ஒரு அலைவரிசையை வாங்கும் கருவிக்கு இயங்கச் சொல்லிக் கட்டளையே போகவில்லை. பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் அந்த மெல்லிய சமிக்ஞையைப் பிடித்ததால்தான் காற்றின் கணக்கே மிஞ்சியது. கையில் இருப்பது அந்த ஒரே இறக்கம்.

கணக்குப்பிள்ளை:
இனி நாசாவின் பறக்கும் கலம் டிராகன்ஃபிளை போகிறதே. 2028-இல் கிளம்பி 2034-இல் அதே மணல்மேட்டுப் பகுதியில் இறங்கும். காற்றை அளக்கும் கருவியும் உண்டு.

வாடை:
2005-உடன் ஒரு சனி ஆண்டைக் கூட்டிப் பாருங்கள். இருபத்தொன்பதரை ஆண்டு. ஹைகன்ஸ் இறங்கிய அதே பருவத்தில்தான் இதுவும் போய் நிற்கும். தூறல் சொல்லும் சம இரவு நாள் மறுபடி வர 2039 ஆகிவிடும்.

தூறல்:
அதுவரை அது பறந்துகொண்டிருந்தால் சரி.