பள்ளிப் பணியாளருக்கு விருது: ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஏற்காடு முன்னாள் மாணவர்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு, இப்போது சேலத்திலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் நாங்கள் சிலர், வரும் ஆசிரியர் தினத்தை ஒட்டி, அப்பள்ளியில் சிறப்பாகப் பணியாற்றும் ஒருவருக்கு விருது வழங்க முடிவு செய்திருக்கிறோம். பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்கும் கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகள் பெற்றோருடன் தோட்டத்துக்குப் போய்விடாதபடி, தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளுக்கே சென்று கையோடு அழைத்து வரும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மழை நாளில் நனைந்து வரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை அடுப்போரம் உட்காரவைத்துத் தலை துவட்டிவிடும் சமையல் உதவியாளர் அம்மாவையும் எங்களால் ஒதுக்க முடியவில்லை. ஆசிரியர் அல்லாதவரையும் சேர்க்கலாமா? ரொக்கமாகக் கொடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அம்மாபேட்டை

தம்பி, நல்ல முயற்சி. அரசு விருதுகள் நடக்கும் முறையைப் பார்த்தால் எதைப் பின்பற்றலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது விளங்கும். 1958இல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருதுக்கு, 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கிறார். மாவட்டக் குழு, மாநிலக் குழு ஆகியவற்றைக் கடந்து தேசிய நடுவர் குழுவுக்குப் பெயர் போகிறது. வெள்ளிப் பதக்கமும் 50,000 ரூபாயும் சான்றிதழும் உண்டு. தனிப்பயிற்சி வகுப்பு எடுப்பவருக்கும் ஒப்பந்த ஆசிரியருக்கும் அதில் இடமில்லை. நம் மாநில அரசு வழங்கும் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருதில் 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் தருகிறார்கள்.

தாமே விண்ணப்பிக்கும் முறையில், யாருடைய சிபாரிசுக்கும் காத்திருக்க வேண்டாம் என்ற நன்மை இருக்கிறது. ஆனால் கோப்பு சேர்க்கத் தெரிந்தவர் முந்திக்கொள்கிறார். சுருள் கம்பியிட்ட தடித்த கோப்புகள் சிலவற்றை நான் புரட்டியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் ஒரே வேப்பங்கன்று மூன்று பதாகைகளின் முன்னால் மூன்று விழாக்களில் நடப்பட்டிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருபவருக்குப் படம் எடுக்கவா நேரமிருக்கும்? ஆகவே நீங்கள் விண்ணப்பம் கேட்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும், ‘இந்தப் பள்ளியில் உங்களுக்காக யார் என்ன செய்தார்?’ என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வராத பெற்றோர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். தேர்ச்சி விழுக்காட்டை வைத்து முடிவு செய்தால், மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுபவர் என்றைக்கும் பின்தங்கியே நிற்பார்.

ரொக்கம் வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, அன்பளிப்பு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, அனுமதி பெற்றுக்கொண்டு, சான்றிதழும் புத்தகங்களும் கொடுப்பதே பாதுகாப்பானது.

பதில்: சத்துணவு அமைப்பாளர், வாழப்பாடி வட்டாரம்

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே வளாகத்தில் வேலை செய்தாலும் நாங்கள் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆசிரியர்கள் பள்ளிக் கல்வித் துறையிலும், சத்துணவுப் பணியாளர்கள் சமூக நலத் துறையிலும் இருக்கிறோம். தூய்மைப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் உள்ளாட்சி அமைப்பின் வழியாக வருகிறது. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். உங்கள் மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளோ பழங்குடியினர் நலத்துக்கான துறையின் பொறுப்பில் உள்ளவை. துறைதோறும் விருது கொடுத்தாலும், இத்தனை பேரையும் ஒரே பள்ளியின் ஆட்களாகப் பார்த்து ஒரே மேடையில் பாராட்டுவது அங்கே படித்தவர்களுக்கும் பெற்றோருக்கும்தான் எளிது. எனவே சமையல் உதவியாளரைத் தயங்காமல் சேருங்கள்.

விழாவை மதிய உணவு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு வையுங்கள். முற்பகலில் வைத்தால், பாராட்டப்பட வேண்டியவரே விருந்தினருக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருப்பார். சான்றிதழில் அவருடைய முழுப் பெயரையும் கேட்டு எழுதுங்கள். எல்லோரும் ஆயாம்மா என்றே அழைத்துப் பழகியதால், வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் பெயரே தெரியும் என்ற நிலையைப் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன்.

பதில்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கன்னங்குறிச்சி

எனக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கிறது. ஆறேழு பேர் வேலை செய்யும் சிறிய பள்ளியில் ஒருவரை மட்டும் ‘சிறந்தவர்’ என்று அறிவித்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். மறுநாள் ஓய்வறையில் நிலவும் மௌனத்தை அவர்தான் தாங்க வேண்டும். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் அப்படி நடந்து, விருது பெற்ற ஆசிரியை அடுத்த கலந்தாய்விலேயே மாறுதல் கேட்டுப் போய்விட்டார்.

இன்னொன்று, 20 வளைவுகளை ஏறி வருவதை அந்தக் கணித ஆசிரியரின் தகுதியாக எழுதாதீர்கள். அது அவர்மேல் சுமத்தப்பட்ட சிரமம். அதைப் பாராட்டிக்கொண்டே இருந்தால், பள்ளி நேரத்துக்கு ஏற்ற பேருந்தையும் மலையில் தங்குமிடத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள். பின்னப் பெருக்கலைப் பிள்ளைகளுக்கு அவர் எப்படிப் புரியவைக்கிறார் என்பதை விசாரித்து, அதற்காகப் பாராட்டுங்கள். பேருந்துக்குத் தனியாக மனு கொடுங்கள், நாங்களும் கையெழுத்திடுகிறோம்.

கேட்டவர்: ஏற்காடு முன்னாள் மாணவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ‘சிறந்த’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு, நான் சொன்ன பணியாளர்கள் மூவருக்கும் அவரவர் செய்த செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கலாம் என்று எங்கள் குழுவில் பேசியிருக்கிறோம். அடுத்த ஆண்டு மற்றவர்களின் முறை. ரொக்கத்துக்கு ஒதுக்கிய தொகையில் சமையல் கூடத்துக்குப் புகைபோக்கி அமைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம். அதற்கு எந்தத் துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்பதை வாழப்பாடி அம்மா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.