புதுப்பிப்பு: சித்தப்பாவின் வாய்ப்புண்
20 வருடமாகச் சாராயம் குடிக்கும் சித்தப்பாவுக்கு நாக்கோரப் புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சதைத்துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை! சின்னம்மா அங்கேயே அழுதுவிட்டா.

சாராயம் பட்டால் கிருமி சாகும், புண் ஆறும் என்று சித்தப்பா நம்பியிருந்தார். நடந்தது எதிர்மாறு. நீண்டகாலக் குடியால் ஃபோலேட், துத்தநாகம் போன்ற சத்துகள் உடலில் குறையும். வாயின் மென்தோல் புதுப்பிக்க அவை வேண்டும். எச்சிலும் வற்றும், எதிர்ப்புச் சக்தியும் தளரும். கூடவே புகையிலை போட்டால் வாய்ப்புற்று ஆபத்து பல மடங்கு. மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டுமாம்.

திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம் என்பதால், வைத்தியர் சொன்னபடி குடியைக் குறைத்து வருகிறார். புண் பாதியாகச் சுருங்கிவிட்டது. நேற்று உறைப்பில்லாத சொதியோடு இடியப்பம் சாப்பிட்டார்.